படைத்தவர் பெயர்: ஜெர்ரி சீகல் (1914–1996)

நீல உடையும் சிவப்பு மேலாடையும் அணிந்து வானில் பறக்கும் சூப்பர்மேனை அறியாத நாடு இன்று உலகில் அரிது. அந்த உருவத்தை முதன்முதலில் மனத்தில் கண்டவர் யார் என்று வினவினால், எழுத்தையே வாழ்வாகக் கொண்டோரிடையேகூட விடை சொல்லக் கூடியவர் சிலரே. 1938ஆம் ஆண்டில் மலிவுத் தாளில் அச்சேறிய அக்கதைமாந்தன், பெரும் பொருட்செலவில் முழுநீளத் திரைப்படமாக வெளிவர நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்த நாற்பது ஆண்டுகளில் அவனைப் படைத்தவரின் வாழ்வு எவ்வாறு கழிந்தது என்பது, கவிதையும் கதையும் எழுதிப் பிறர் அச்சகத்தை நம்பி நிற்கும் நாம் அறிந்துகொள்ளத் தக்க ஒரு வரலாறு.

ஜெரோம் சீகல் 1914 அக்டோபர் 17ஆம் நாள் அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். பெற்றோர் லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை தையற்கலை அறிந்தவர். பின்னர் ஆடவர் உடைகள் விற்கும் சிறு கடை ஒன்றை நடத்தினார். ஆறு மக்களில் ஜெர்ரியே கடைக்குட்டி. 1932 ஜூன் 2ஆம் நாள் இரவு, கடையில் திருட வந்தவர்களை எதிர்கொண்ட வேளையில் தந்தை மாரடைப்பால் சரிந்து உயிர் நீத்தார். அப்போது ஜெர்ரிக்கு வயது பதினேழு. துப்பாக்கிக் குண்டும் துளைக்காத மேனியுடையவனாய், எளியோரைக் காப்பவனாய் ஒருவனை அந்த இளைஞர் பின்னர் படைத்ததற்கும் அந்த இரவுக்கும் தொடர்பு உண்டெனக் கருதும் ஆய்வாளர் உளர். சீகலோ அதனைப் பற்றிப் பொதுவில் பேசியவரல்லர். எனவே அதனை ஒரு கருத்தாக மட்டுமே கொண்டு மேலே செல்வோம்.

கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு வாய்த்த நண்பர் ஜோ ஷூஸ்டர். கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்து, சிறு வயதில் கிளீவ்லாந்துக்கு வந்தவர். பார்வை மங்கிய ஓவியர். வறுமையின் காரணமாகச் சுவரொட்டுத் தாளின் பின்புறத்திலும் கசாப்புக்கடைத் தாளிலும் வரைந்து பழகியவர். இருவருமே கூச்ச சுபாவம் உடையவர்கள். இருவருமே மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள். அறிவியற் கதை இதழ்களின் மீது இருவருக்கும் இருந்த பற்று அவர்களை இணைத்தது. அவர்கள் கூடித் தாமே படியெடுத்து ஓர் அறிவியற் கதைச் சிற்றிதழையும் நடத்தினர். சிற்றிதழ் நடத்திக் கைப்பொருள் இழந்தவர் நம்மிடையேயும் பலர் என்பதால், இச்செய்தி நமக்கு வியப்பளிக்காது. அவ்விதழில் 1933 ஜனவரியில் சீகல் எழுதிய ஒரு கதையில்தான் சூப்பர்மேன் என்ற சொல் முதலில் இடம்பெற்றது. ஆனால் அக்கதையின் அதிமனிதன் கொடியவன், மொட்டைத் தலையன், உலகை ஆள விழைந்தவன்.

தீயவனாகப் பிறந்த அந்தக் கருத்து நல்லவனாக மாறியதே சீகலின் உண்மையான கண்டுபிடிப்பு. அழியும் கோளிலிருந்து தந்தையால் விண்கலத்தில் அனுப்பப்படும் குழந்தை, மண்ணில் வளர்ந்து, ஆற்றலை மறைத்துக்கொண்டு, செய்தியாளனாக நடமாடுகிறது. கிளார்க் கென்ட் என்ற அந்தக் கூச்சமுள்ள கண்ணாடிக்காரன், தம்மைப் பெண்கள் ஏறிட்டும் பாராத ஏக்கத்திலிருந்து பிறந்தவன் என்று சீகல் பிற்காலத்தில் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். ஓர் இரவு முழுதும் உறக்கமின்றிக் கதையை எழுதி, விடிந்ததும் பன்னிரண்டு தெருக்கள் கடந்து ஷூஸ்டரின் வீட்டுக்கு ஓடியதாகவும் அவர் நினைவுகூர்ந்தார். லோயிஸ் லேன் என்ற கதைத் தலைவிக்காக அவர்கள் ஓர் இளம்பெண்ணை மாதிரியாக நிறுத்தி வரைந்தனர். ஜோன் என்ற அந்தப் பெண் பல ஆண்டுகளுக்குப் பின் சீகலின் வாழ்க்கைத் துணைவியானார்.

படைப்பு உருவாகிவிட்டது, கொள்வார் இல்லை. செய்தித்தாள்களுக்குப் படக்கதை வழங்கும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அதனைத் திருப்பி அனுப்பின. முதிர்ச்சியற்ற ஆக்கம் என்று ஒன்று குறிப்பு எழுதியது. இடையே அவர்கள் நியூயார்க்கின் சிறு பதிப்பகம் ஒன்றுக்கு டாக்டர் அக்கல்ட், ஸ்லாம் பிராட்லி முதலிய வேறு கதைகளை எழுதி வரைந்து பிழைத்தனர். ஏறத்தாழ ஐந்தாண்டு மறுப்புகளுக்குப் பிறகு, புதிதாகத் தொடங்கவிருந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் என்ற மாத இதழுக்குப் பக்கங்கள் தேவைப்பட்டன. செய்தித்தாள் வரிசைகளாக வரையப்பட்டிருந்த சூப்பர்மேனை வெட்டி ஒட்டி 13 பக்கங்களாக்கிக் கொடுத்தனர். பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 130 டாலர். 1938 மார்ச் மாதத்தில், இருபத்து மூன்று வயது நிரம்பியிருந்த சீகலும் ஷூஸ்டரும் கையெழுத்திட்ட தாள், அக்கதைமாந்தன் மீதான உரிமைகள் அனைத்தையும் என்றென்றைக்குமாகப் பதிப்பகத்துக்கு மாற்றிக் கொடுத்தது. வேறு வேலைகளுக்கான கூலியும் சேர்த்து 412 டாலருக்கு வந்த காசோலையை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

இவ்விடத்தில் நாம் நடுநிலை தவறலாகாது. அன்றைய படக்கதைத் தொழிலில் அத்தகைய தாள் வழக்கமானதே. ஆண்டுக்கணக்கில் யாரும் ஏறெடுத்துப் பாராத ஒன்றுக்கு எதிர்காலம் உண்டென்று பதிப்பகத்தார் முன்னறிந்து ஏமாற்றியதாகவும் சொல்ல இயலாது. வெற்றி வந்தபின் ஒரு தசாப்த காலம் அவர்கள் இருவரும் பக்கக் கூலியாகக் கண்ட வருவாய், அந்நாளைய பிற ஓவியர்க்கும் எழுத்தாளர்க்கும் கிட்டாதது. ஆனால் அது கூலி; உரிமையன்று. 1939இல் செய்தித்தாள் தொடர், 1940இல் வானொலித் தொடர், 1941 முதல் 1943 வரை ஃபிளைஷர் கூடத்தில் தொடங்கிய 17 அசைபடங்கள் எனச் சூப்பர்மேன் பெருகினான். பொம்மைகளும் உடைகளும் விற்றன. கையொப்பத்தின் விலை என்ன என்பது அப்போதுதான் அவர்களுக்கு முழுமையாய் விளங்கியது.

பலர் கையில் வளர்ந்த பாத்திரம் அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சீகலின் சூப்பர்மேன் தாவினான், பறக்கவில்லை. அவனுக்குப் பறத்தலைக் கொடுத்தவை வானொலியும் அசைபடங்களும். அவனை வலுவிழக்கச் செய்யும் கிரிப்டனைட் கல் 1943இல் வானொலித் தொடரில் அறிமுகமானது. எனினும் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, 1940இல், அதே கருத்துடன் சீகல் ஒரு நெடுங்கதை எழுதியிருந்தார். அதில் நாயகன் தன் உண்மை உருவத்தை லோயிஸுக்கு வெளிப்படுத்தி, இருவரும் சமமான தோழராகின்றனர். கதை அவ்வளவு தூரம் நகர்வதைப் பதிப்பகத்தார் விரும்பவில்லை. ஓவியம் வரையத் தொடங்கியும் அது அச்சேறவில்லை. கையெழுத்துப் படி நிறுவனத்தின் கோப்புகளில் கிடந்து 1988இல்தான் கண்டெடுக்கப்பட்டது. தாம் படைத்தவனை வளர விடும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதைச் சீகல் உணர்ந்த தருணம் அதுவாகவே இருத்தல் வேண்டும்.

1943இல் அவர் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். ஹவாய்த் தீவில் படைவீரர் செய்தித்தாளில் பணியாற்றினார். அவர் முன்னரே எழுதிக் கொடுத்து மறுக்கப்பட்டிருந்த சூப்பர்பாய் என்ற சிறுவன் கதையை, அவரைக் கேளாமலே பதிப்பகம் அந்நாளில் வெளியிடத் தொடங்கியது. போர் முடிந்து திரும்பியவர் 1947இல் ஷூஸ்டருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1948இல் நீதிமன்றம் இரு வேறு முடிவுகளைக் கூறியது: சூப்பர்மேன் பதிப்பகத்துக்கு உரியவன், சூப்பர்பாய் சீகலுக்கு உரியவன். இறுதியில் ஏறத்தாழ 94,000 டாலர் பெற்றுக்கொண்டு, இரண்டையும் விட்டுக்கொடுக்கும் உடன்பாட்டில் நண்பர்கள் கையெழுத்திட்டனர். அத்தொகையில் பெரும்பகுதி வழக்கறிஞர்களுக்கே போயிற்று. அதன்பின் கதைகளின் தலைப்பிலிருந்து அவர்கள் பெயர்கள் நீக்கப்பட்டன.

அதே 1948ஆம் ஆண்டில்தான் சூப்பர்மேன் உயிருள்ள நடிகர் வாயிலாகத் திரையில் முதன்முறை தோன்றினான். கொலம்பியா நிறுவனம் தயாரித்த 15 பகுதிகள் கொண்ட தொடர்படம் அது. கிர்க் ஆலின் நடித்தார். மனிதனைப் பறக்கவிடும் வழி தெரியாமையால், பறக்கும் இடங்களில் மட்டும் நடிகர் கோட்டுச்சித்திரமாக மாறினார். 1951இல் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த படமும், 1952 முதல் 1958 வரை தொலைக்காட்சித் தொடரும் வந்தன. பெரிய படநிறுவனங்களோ இதனைப் பிள்ளைகளின் பொழுதுபோக்கென்றே ஒதுக்கின. பறத்தலை நம்பும்படி காட்டும் கருவியும் இல்லை. காட்ட வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

சீகலுக்கு அவை வறண்ட ஆண்டுகள். ஷூஸ்டருடன் இணைந்து படைத்த ஃபன்னிமேன் என்ற நகைச்சுவை நாயகன் 1948இலேயே தோற்றான். சில பதிப்பகங்களில் பணியாற்றிய பின், 1959இல் அவர் தம்மை வெளியேற்றிய அதே நிறுவனத்துக்கே திரும்ப நேர்ந்தது. பெயர் அச்சிடப்பட மாட்டாது; பக்கக் கூலி மட்டுமே. தாம் படைத்தவனுக்கே பெயரற்ற கூலி எழுத்தாளராக அவர் அமர்ந்தார். ஆயினும் அக்காலத்தில் எழுதியவை சோர்ந்த கைகளின் எழுத்தாக இல்லை என்பதே வியப்பு. அழிந்த கோளுக்குக் காலம் கடந்து திரும்பிச் சென்று, இன்னும் மணமாகாத தன் பெற்றோரைச் சூப்பர்மேன் காணும் 1960ஆம் ஆண்டுக் கதையும், அவன் இறப்பதாகக் கற்பனை செய்த 1961ஆம் ஆண்டுக் கதையும் அவர் எழுதியவை. மீட்க முடியாத இல்லத்தை எட்ட நின்று காணும் துயரை அந்தக் கதைகளில் படிக்கும்போது, எழுதியவரின் நிலையை நினையாதிருத்தல் கடினம்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இங்கே உண்டு. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் லயன் வார இதழில் வந்த ஸ்பைடர் என்ற படக்கதையைச் சில கதைகளுக்குப் பின் எழுதும் பொறுப்பைச் சீகல் ஏற்றார். குற்றவுலகின் பேரரசனாக விழைந்து, பின்னர் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறும் அந்த விந்தை நாயகன், 1980களில் சிவகாசியிலிருந்து வெளிவந்த லயன் காமிக்ஸ் வழியே தமிழுக்கு வந்தான். அவனைப் பார்த்து வியந்த தமிழ்ச் சிறுவர் பல்லாயிரவர். அவர்கள் படித்தது சூப்பர்மேனைப் படைத்த கையின் எழுத்து என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. மூல ஆங்கில இதழிலேயே எழுதியவர் பெயர் இடம்பெறவில்லை. ஒருவர் பெயர் ஓரிடத்தில் அழிக்கப்பட்டால், அது கடல் கடந்தும் அழிந்தே போய்ச் சேர்கிறது.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகளுக்கு உரியது; பின்னர்ப் புதுப்பிக்கப்பட வேண்டும். 1938இல் தொடங்கிய காலம் 1966இல் முடிந்தது. புதுப்பிக்கும் உரிமை படைத்தவர்க்கே உரியது என்று சீகலும் ஷூஸ்டரும் வாதிட்டனர். அதனோடு நிறுவனத்தின் வேலையும் போயிற்று. 1973இல் கீழ்மன்றத்திலும் 1974இல் மேல்முறையீட்டு மன்றத்திலும் அவர்கள் தோற்றனர். பழைய வழக்கில் முடிந்தது முடிந்ததே என்று மேல்மன்றம் கருதிற்று. அறுபது வயதை எட்டிய சீகல் அந்நாளில் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் அலுவலகத் தட்டச்சு எழுத்தராக ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர் ஊதியத்தில் வாழ்ந்தார். ஷூஸ்டர் பெரும்பாலும் பார்வை இழந்து, நியூயார்க்கில் உடன்பிறந்தாரின் ஆதரவில் இருந்தார்.

அந்த 1974ஆம் ஆண்டிலேயே, அலெக்சாண்டர் சால்கைண்டும் அவர் மகன் இலியாவும் சூப்பர்மேனைத் திரைப்படமாக்கும் உரிமையை வாங்கினர். காட்ஃபாதர் எழுதிய மாரியோ பூசோ பெரும் ஊதியத்தில் திரைக்கதைக்கு அமர்த்தப்பட்டார். கோடிக்கணக்கில் செலவிடப்போவதாகச் செய்திகள் வந்தன. தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருந்த சீகல் 1975 அக்டோபரில் அதே தொழிலைத் தமக்காகச் செய்தார். தமக்கும் நண்பருக்கும் நேர்ந்ததைப் பல பக்கங்களில் தட்டச்சு செய்து செய்தித்தாள்களுக்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் அனுப்பினார். அம்மடலில் அவர் அந்தத் திரைப்படத்தின் மீது சாபமிட்டிருந்தார். படம் படுதோல்வி அடைய வேண்டும் என்றும் மக்கள் அதனைப் புறக்கணிக்க வேண்டும் என்றும் வேண்டியிருந்தார். அறம் பாடிய புலவர் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சொல் ஒன்றே எஞ்சிய ஒருவர் அச்சொல்லைக் கடைசிப் படையாக ஏந்தியது விளங்கும்.

உடனே எதுவும் நிகழவில்லை. பின்னர் மெல்ல இதழ்கள் செவிசாய்த்தன. இளைய ஓவியர் நீல் ஆடம்ஸும், முதிய ஓவியர் ஜெர்ரி ராபின்சனும் இருவர் சார்பில் பேசினர். ஓவியர் சங்கங்கள் துணை நின்றன. தொலைக்காட்சியில் அந்த இரு முதியவர்களையும் நாடு கண்டது. சட்டம் நிறுவனத்தின் பக்கம் இருந்தது. ஆனால் பெரும் படம் ஒன்றை நாட்டுக்கு விற்கவிருந்த வார்னர் நிறுவனத்தார்க்கு, அதன் நாயகனைப் படைத்தவர் வறுமையில் வாடுகிறார் என்ற செய்தி ஏற்புடையதாயில்லை. 1975 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்பு, உடன்பாடு ஏற்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் வாழ்நாள் ஊதியம், மருத்துவக் காப்புறுதி, அச்சிலும் திரையிலும் படைத்தவர்கள் என்று இருவர் பெயரும். பணத்தை ஒப்புக்கொண்ட நிறுவனத்தார் பெயரைத் தருவதற்கே மிகவும் தயங்கினர் என்றும், ஓவியர்கள் அதில் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் அந்தப் பேச்சுவார்த்தையின் வரலாறு கூறுகிறது.

படத்துக்கோ இன்னும் மூன்றாண்டு வழி இருந்தது. பூசோவின் நெடிய திரைக்கதையை டேவிட் நியூமனும் லெஸ்லி நியூமனும் ராபர்ட் பென்டனும் திருத்தினர். அவர்களுள் டேவிட் நியூமனும் பென்டனும் 1966இல் சூப்பர்மேனைப் பற்றிய மேடை இசை நாடகத்தை எழுதியவர்கள். இத்தாலியில் தொடங்கிய ஆயத்தங்கள் இங்கிலாந்துக்கு மாறின. வரிச்சிக்கலால் இங்கிலாந்தில் தங்க இயலாத இயக்குநர் கை ஹாமில்டன் விலக, ரிச்சர்ட் டோனர் வந்தார். கேலியாகச் சரிந்திருந்த திரைக்கதையை அவரும் டாம் மான்கிவிச்சும் மெய்ம்மை தோன்றும்படி திருத்தினர். புகழ்பெற்ற நடிகர் பலரைத் தேடியபின், கிறிஸ்டோபர் ரீவ் என்ற அறியப்படாத நாடக நடிகர் தெரிவு செய்யப்பட்டார். 1977 மார்ச் இறுதியில் படப்பிடிப்பு தொடங்கியது. இரண்டு படங்களை ஒருசேர எடுக்கும் திட்டம் செலவைப் பெருக்கிற்று. நாயகனின் தந்தையாகச் சில நாள்களே நடித்த மார்லன் பிராண்டோவுக்கு 37 இலட்சம் டாலரும் இலாபத்தில் பங்கும் என்பது ஒப்பந்தம்.

எல்லாவற்றிலும் கடினமானது பறத்தல். பொம்மைகளை எறிந்து பார்த்தனர், கம்பிகளில் தொங்கவிட்டனர், ஒன்றும் நம்பும்படி இல்லை. சோரான் பெரிசிக் என்பவர் வழி கண்டார். பின்னணிக் காட்சியை வீசும் கருவியிலும் படப்பிடிப்புக் கருவியிலும் உருப்பெருக்க வில்லைகளைப் பொருத்தி, இரண்டையும் ஒரே அளவில் ஒன்றாக இயங்கச் செய்தார். அதனால் பின்னணி அளவு மாறாதிருக்க, அசையாது நிற்கும் நடிகர் நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் தோன்றினார். கோட்டுச்சித்திரமாக மாறித் தப்பிய 1948இன் வீரன், முப்பது ஆண்டுகள் கழித்து மனித உடலோடு பறந்தான்.

1978 டிசம்பர் 10ஆம் நாள் வாஷிங்டனில் முதற் காட்சி. ஏறத்தாழ 5.5 கோடி டாலர் செலவில் உருவான படம், உலகெங்கும் 30 கோடி டாலர் அளவில் ஈட்டியது. சீகல் இட்ட சாபம் பலிக்கவில்லை. அது பலிக்காமல் போனதில் அவருக்கு வருத்தம் இருந்திருக்காது. படத்தின் தொடக்கத்தில் திரைச்சீலை விலகுகிறது. 1938 ஜூன் மாத ஆக்‌ஷன் காமிக்ஸ் இதழை ஒரு சிறுவனின் கை புரட்டுகிறது. அதன்பின் விண்வெளியின் இருளில் பெயர்கள் விரைந்து வருகின்றன. அவற்றிடையே, சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற வரியும் வருகிறது. பெயர் நீக்கப்பட்டு முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது அத்தனை பெரிய திரையில் திரும்பிற்று.

ஷூஸ்டர் 1992இலும், சீகல் 1996 ஜனவரி 28ஆம் நாளிலும் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்கள். வழக்கு அவரோடு முடியவில்லை. 1976இல் இயற்றப்பட்ட புதிய பதிப்புரிமைச் சட்டம், பழைய உரிமை மாற்றங்களை உரிய காலம் கழிந்தபின் முறித்துக்கொள்ளப் படைத்தவர்க்கும் அவர் வழியினர்க்கும் இடமளித்தது. துணைவியும் மகளும் 1997இல் அறிவிப்பு அனுப்பினர். 2008இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 2013இல் மேல்முறையீட்டு மன்றம், 2001ஆம் ஆண்டிலேயே இரு தரப்பும் உடன்பட்டுவிட்டதாகக் கூறி அதனை மாற்றியது. 13 பக்கங்களுக்கு 130 டாலர் பெற்ற கதையைத் தாங்கிய அந்த முதல் இதழின் ஒரே ஒரு படி 2024இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 412 டாலருக்கான அந்தப் பழைய காசோலைகூட 2012இல் 1,60,000 டாலருக்கு விலைபோனது.

சீகலின் வாழ்வை ஏமாற்றப்பட்ட ஓர் எளியவரின் கதையாக மட்டும் சொல்லி முடித்தல் எளிது. அவர் அறிந்தே கையெழுத்திட்டார். சட்டம் அவரை மீண்டும் மீண்டும் தோற்கடித்தது. அத்தீர்ப்புகள் சட்ட நெறிக்கு மாறானவை என்று சொல்லவும் இடமில்லை. அவர் வென்றது சட்டத்துக்கு வெளியே. சக கலைஞர்கள் தமக்கு ஊதியம் இல்லாத ஒரு காரியத்துக்காகத் தம் நாள்களைச் செலவிட்டதால் வென்றார். பணத்தைப் போலவே பெயரையும் அவர்கள் விடாது கேட்டதால் வென்றார். பத்தாண்டுகளாக ஒருவர் எழுத்தை ஒருவர் கேட்டும் திருத்தியும் கூடிவந்துள்ள நம் போன்ற வட்டங்களுக்குச் சீகலைவிட அந்த இரு ஓவியர்களே நெருங்கிய முன்மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதியவர் சோர்ந்து அமரும் நாளில், அவர் பெயரை அவருக்காகக் கேட்டுப் பெறும் கடமை உடன் எழுதுகிறவர்களுக்கு உண்டு.